மாத்திரை கொடுத்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தான், ஒன்றரை வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. எங்கள் ஜெபக் குழுவில் ‘கர்த்தர் சுகம் கொடுத்தாயிற்று, இன்னும் மாத்திரை எதற்கு, அது அவிசுவாசம்’ என்றார்கள். நிறுத்தினேன். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டான். பயந்துபோய் மறுபடி மாத்திரை கொடுக்கிறேன். இப்போது என் மாமியார் உட்பட எல்லோரும் ‘நீ சந்தேகப்பட்டதால்தான் சுகம் போய்விட்டது’ என்கிறார்கள். முழங்காலில் நின்றால் அழுகைதான் வருகிறது, ஜெபம் வரவில்லை. என்னால்தான் என் பிள்ளைக்கு இப்படியா?

– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: சகோதரி, முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம், மற்றதை அப்புறம் பேசலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரலாம், சில சமயம் முன்பைவிட மோசமாக, ஓயாமல் தொடர்ந்து வரும், அது உயிருக்கே ஆபத்து. உங்கள் மகன் விழுந்ததற்குக் காரணம் இதுதான், உங்கள் மனதில் இருந்த சந்தேகம் இல்லை. நடுவில் நிறுத்தியதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். வலிப்பில்லாமல் இரண்டு வருடம்போல ஆன பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பதும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது அவர்தான், ஜெபக் குழு இல்லை.

இனி வேதத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்களைக் குத்தியவர்கள் அதை வைத்துத்தான் குத்தியிருக்கிறார்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தைக் காட்டியிருப்பார்கள், வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பையனின் கதை. அந்தப் பையனுக்கு அசுத்த ஆவி என்றுதான் எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லா வலிப்பும் பிசாசு என்று எங்கே எழுதியிருக்கிறது? மத்தேயு 4:24-ஐ எடுத்துப் பாருங்கள், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர்கள் என்று தனித்தனியாகச் சொல்கிறது. சந்திரரோகி என்று அந்தக் காலத்தில் சொன்னது இந்த வலிப்புக்காரர்களைத்தான்.

மாற்கு 9-ஐ இன்று இரவு நீங்களே ஒரு முறை நிதானமாக வாசியுங்கள், அதில் ஒரு தகப்பன் இருக்கிறார், அவரை யாரும் உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். பையன் தரையில் புரண்டு நுரை தள்ளிக்கொண்டிருக்கும்போது இயேசு அவரிடம் கேட்கும் முதல் கேள்வி, இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பது. நம் ஊர் டாக்டர் கேட்கிற அதே கேள்வி. சிறு வயதிலிருந்தே என்கிறார் தகப்பன், அப்புறம் ‘உம்மால் ஏதாவது செய்ய முடிந்தால்’ என்று இழுக்கிறார். இயேசுவிடமே ‘முடிந்தால்’ என்கிறார்! கடைசியில் கண்ணீரோடு, “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கத்துகிறார். பாதி விசுவாசம், பாதி பயம். இயேசு அவரை ‘முதலில் சந்தேகத்தை விட்டுவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பினாரா? அந்த அழுகையை வைத்துக்கொண்டே பையனைத் தூக்கிவிட்டார். உங்கள் குழு உங்களிடம் கேட்கிற நூற்றுக்கு நூறு மார்க்கை ஆண்டவர் அந்த மனுஷனிடம் கேட்கவே இல்லை.

மருந்தும் விசுவாசமும் சண்டைக்காரர்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது ‘உன் கண்ணீரைக் கண்டேன், உன்னைக் குணமாக்குவேன்’ என்று கர்த்தரே வாக்குக் கொடுக்கிறார், கொடுத்த பிறகுதான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் பற்றுப் போட வைக்கிறார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமே கிடைத்துவிட்டதே, பற்று எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பவுல் எத்தனையோ பேரைக் குணமாக்கியவர், ஆனால் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. தன் சரீரத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டியும், “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது, முள் போகவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று உங்கள் மாமியார் சொல்வாரா, கேட்டுப் பாருங்கள். (உண்மையிலேயே கேட்டுவிடாதீர்கள், வீட்டில் சமாதானம் முக்கியம்.)

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954-இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. ஆழ்ந்த விசுவாசி, அவருக்காக ஜெபித்தவர்களுக்கும் குறைவில்லை, கால்கள் வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார், பிறகு 1966-இல் அங்கே முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு மையம் வரக் காரணமாக இருந்தார். ‘சுகம் கிடைத்தது’ என்று சாட்சி சொல்லும் கூட்டங்களில் இப்படிப்பட்ட வாழ்க்கைக்கு மைக் கிடைப்பதில்லை, அது எனக்கு ரொம்ப நாளாக உள்ள ஆதங்கம்.

ஆண்டவர் அற்புதமாகவே குணமாக்க மாட்டாரா என்றால், குணமாக்குவார், நானும் நம்புகிறேன். அப்படி நடந்தால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் அது கெட்டுப்போகாது, மருத்துவர் பரிசோதித்து ‘இனி வேண்டாம்’ என்று சொல்லும்போது இன்னும் நல்ல சாட்சிதான்.

ஜெபம் வரவில்லை என்றீர்களே, அழுகை வருகிறதல்லவா, அதையே ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் சங்கீதம் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று சண்டை பிடிப்பதுபோலத்தான் ஆரம்பிக்கிறது. வார்த்தை வராத நாளில் அதைச் சத்தமாக வாசித்தால் போதும். உங்களைக் குற்றம் சாட்டாத ஒரு அக்காவோ தோழியோ இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

முழு இரவு ஜெபத்துக்கு மகனைக் கூட்டிப் போகாதீர்கள், தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். உபவாசமும் அவனுக்கு வேண்டாம். குளம், கிணறு, கடல் எதிலும் தனியாக இறங்கக் கூடாது. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

உங்கள் போதகரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். நிறைய போதகர்கள் மாத்திரையோடு சேர்த்துத்தான் ஜெபிப்பார்கள், குழுவில் நடப்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அவரும் நிறுத்து என்றால் வேறு சபை பாருங்கள், உங்கள் மாவட்டத்தில் சபைகளுக்கா பஞ்சம்?