பிலிம் இல்லாமல் ஸ்கிரீன் எடுக்கும் இயந்திரம்: எதை வாங்குவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். நானும் என் மனைவியும் வேலை செய்கிறோம், உதவிக்கு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். டி-ஷர்ட், துணிப்பை, கொடி ஆகியவை எங்கள் முக்கிய வேலைகள். நாளுக்குச் சராசரியாக எட்டு ஸ்கிரீன் (படம் இறக்கிய வலைச்சட்டம்) எடுக்கிறோம். அதற்கான படம் அச்சிட்ட பிலிமைக் கோவையில் போடச் சொல்லி, வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் வரவழைக்கிறோம். ஒன்றுக்குச் சராசரியாக 150 ரூபாய் ஆகிறது. கணினியிலிருந்து நேராக ஸ்கிரீனில் படம் இறக்கும் இயந்திரம் ஒன்றை ஓணத்துக்கு முன் வாங்க நினைக்கிறேன். புதிய இங்க்ஜெட் இயந்திரத்துக்கு 9 லட்சம் சொல்கிறார்கள். திருப்பூரில் பழைய மெழுகு இயந்திரம் ஒன்று 4 லட்சத்துக்கும், பழைய லேசர் ஒன்று 22 லட்சத்துக்கும் வருகின்றன. எது நல்லது? விற்பவர் தமிழ்நாட்டிலும் நான் கேரளத்திலும் இருப்பதால், பழுது வந்தால் எங்கே முறையிடுவது?

பதில்: மூன்றில் உங்களுக்கு ஏற்றது புதிய இங்க்ஜெட்தான். ஆனால் ஓணத்துக்கு முன் என்ற அவசரத்தை முதலில் விட்டுவிடுங்கள். சீசன் நெருக்கடியில் வந்து இறங்கும் இயந்திரத்தைச் சரியாகச் சோதிக்கவும் முடியாது, பையன்களைப் பழக்கவும் முடியாது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். நாளுக்கு எட்டு ஸ்கிரீன் என்றால், மாதம் 25 வேலை நாளுக்கு 200 ஸ்கிரீன். பிலிம் செலவு 30,000 ரூபாய். புதிய இயந்திரத்தின் மை, பராமரிப்பு ஒப்பந்தம், மை தெளிக்கும் ஹெட்டை என்றாவது மாற்ற வேண்டியிருக்கும் என்பதற்காக ஒதுக்கும் தொகை எல்லாம் சேர்த்து மாதம் 10,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 20,000. வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே 9 லட்சம் திரும்பி வர 45 மாதங்கள் ஆகும். ஆகவே பிலிம் காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதை வாங்குவதில் அர்த்தமில்லை. உங்கள் வேலையில் நான்கு, ஆறு நிறம் கொண்டவை எத்தனை, பிலிமுக்காகக் காத்திருந்ததால் தவறிப்போன ஆர்டர்கள் எத்தனை என்பதை ஒரு மாதம் குறித்து வையுங்கள். ஒற்றை நிற வேலையே பெரும்பகுதி என்று தெரிந்தால், பிலிம் அடிக்கும் நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றும் படத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளும் வாங்கிப் பட்டறையிலேயே பிலிம் பாசிட்டிவ் எடுப்பது இப்போதைக்குப் போதும். அதற்கு மிகக் குறைந்த முதலீடே ஆகும்.

பல நிற வேலை அதிகமாக இருந்தால், இந்த இயந்திரம் தன் விலைக்கு நியாயம் செய்யும். பிலிமுக்கும், மெஷ் என்னும் வலைத்துணியில் பூசிய, ஒளிபட்டால் இறுகும் எமல்ஷனுக்கும் இடையில் நூலிழை இடைவெளி இருந்தாலும் ஒளி பக்கவாட்டில் புகுந்து கோட்டை மெலியவைத்து, சாயலைக் காட்டும் சிறிய ஹாஃப்டோன் புள்ளிகளை அழித்துவிடும் என்பதால்தான் பிலிமை அழுத்திப் பிடிக்கக் கண்ணாடியும் காற்றை உறிஞ்சும் வாக்குவமும் தேவைப்படுகின்றன. இங்கே ஒளியை மறைக்கும் மை எமல்ஷனின் மேலேயே படிவதால் அந்த இடைவெளியே இல்லை. கண்ணாடியிலும் பிலிமிலும் ஒட்டிய தூசியால் வரும் பின்ஹோலும் (ஊசித்துளை), அதை உட்கார்ந்து அடைத்து டச்சிங் செய்யும் நேரமும் பெருமளவு குறைகின்றன. பாலக்காட்டுக் கணவாயின் காற்று அள்ளிவரும் புழுதியில் வேலை செய்யும் உங்களுக்கு இது சிறிய லாபமல்ல.

ஆனால் விற்பனையாளர் முதலில் பேசும் ரெஜிஸ்டர் துல்லியம், அதாவது நிறங்கள் இடம் பிசகாமல் சேர்வது, தானாக வந்துவிடாது. இயந்திரத்தில் ஃபிரேமைப் பிடித்து நிறுத்தும் மூன்று முனைகளும், பல நிறம் அச்சிடும் உங்கள் ரவுண்ட் மிஷினில் ஃபிரேம் உட்காரும் மூன்று முனைகளும் ஒரே அளவில் ஒத்திருந்தால்தான் நிறங்கள் முதல் அச்சிலேயே ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். ஒத்துவரவில்லை என்றால், 9 லட்சம் கொடுத்த பிறகும் பழையபடி கையால் தள்ளித் தள்ளித்தான் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த அமைப்பை உங்கள் மிஷினில் பொருத்தித் தருவது விலையில் அடங்குமா என்று கேளுங்கள். அடங்கும் என்றால் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது ஃபிரேம். பலரும் இதைப் பார்க்காமலே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஹெட், மெஷ்ஷுக்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் ஓடும். உங்களிடம் இருப்பவை மரச்சட்டங்கள் என்றால், இடவப்பாதி மழையில் ஈரம் குடித்து முறுக்கிக்கொண்டவை அவற்றில் நிச்சயம் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமையும் தட்டையான கண்ணாடி மேசைமேல் வைத்து எதிர் மூலைகளை மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஆடினால், அல்லது ஒரு மூலைக்கு அடியில் விசிட்டிங் கார்டு நுழைந்தால், அந்த ஃபிரேம் இந்த இயந்திரத்துக்கு ஆகாது; ஹெட் உரசினால் நட்டம் உங்களுடையது. மெஷ்ஷின் இழுவையும் எல்லா ஃபிரேமிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே அளவு அலுமினிய ஃபிரேம்களுக்கு மாறும் செலவை இயந்திரத்தின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

எமல்ஷனையும் யோசிக்க வேண்டும். பைக்ரோமேட் கலந்த எமல்ஷனை இன்னும் பயன்படுத்தி வந்தால், இயந்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதை நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள ஆறு இணைதிற குரோமியம் தோலைப் புண்ணாக்குவதோடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டது. ஸ்கிரீன் கழுவிய தண்ணீர் உங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில்தானே போகிறது! கலக்கத் தேவையில்லாத போட்டோபாலிமர் எமல்ஷன் விரைவாக எக்ஸ்போஸ் ஆகும் (ஒளியில் இறுகும்), எல்.இ.டி. விளக்குக்கும் ஒத்துவரும். மழைக்காலத்தில் கோட்டிங் அறையில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று அவசியம். ஈரம் முழுதும் போகாத எமல்ஷன்மேல் நீர்சார்ந்த மையைத் தெளித்தால் கோடு பரவிவிடும், குறையை நீங்கள் இயந்திரத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

விளம்பரத் தாளில் உள்ள 1200, 1440 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை மைப்புள்ளி) போன்ற எண்களுக்கு மயங்க வேண்டாம். துணியில் 50 லைன் ஹாஃப்டோனே (அங்குலத்துக்கு 50 வரிசைப் புள்ளி) நல்ல தரம், 600 டி.பி.ஐ.யில் அது ஒரு புள்ளிக்கு 12-க்கு 12 கட்டம், அதாவது 145 சாயல் படிகள் தரும். டி-ஷர்ட் அச்சுக்கு இது தாராளம். 50 லைனுக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு மெஷ், அதாவது அங்குலத்துக்கு 200 முதல் 250 இழை வேண்டும். அதைவிட நுட்பமாகப் போனால் மெஷ்ஷும் துணியும்தான் தடுக்கும், ஹெட் அல்ல.

மெழுகு இயந்திரத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், தொழில்நுட்பம் மட்டம் என்பதால் அல்ல. உருகிய மெழுகு எமல்ஷனைத் தொட்டவுடன் உறைந்து கோடு கூர்மையாக நிற்கும், உலரவைக்கும் வேலையும் இல்லை. ஆனால் ஹெட் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் மெழுகு உள்ளேயே உறைந்து, மறுபடி உருக்கிக் காற்றை வெளியேற்றுவதற்குள் நேரமும் மெழுகும் வீணாகும். இடியும் மழையுமாக மின்தடை வரும் மாதங்களில், யூ.பி.எஸ். இல்லாத சிறு பட்டறைக்கு இது தினசரித் தொல்லை. அதிலும் பழைய இயந்திரம் என்றால், அடுத்த ஹெட் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும்.

லேசர் முற்றிலும் வேறு வகை. மையே இல்லை, ஒளியே எமல்ஷனில் படத்தை எழுதுகிறது. இதே குடும்பத்தில், நுண்ணிய கண்ணாடிகள் ஆயிரக்கணக்கில் திரும்பித் திரும்பி ஒளியைப் பாய்ச்சும் வகையும் உண்டு. நாள் முழுதும் ஸ்கிரீன் எடுக்கும் பெரிய ஏற்றுமதி யூனிட்டுக்கு இவை பொருந்தும். நாளுக்கு எட்டு ஸ்கிரீனுக்கு 22 லட்சம் முடக்குவது தேவையற்ற பாரம். ஒளிமூலம் மங்கிவிட்டால் மாற்றும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

சோதனைக்கு விற்பவரின் காட்சியறை மாதிரியை ஏற்காதீர்கள். உங்கள் ஃபிரேம், உங்கள் எமல்ஷன், உங்கள் வடிவமைப்பு மூன்றையும் எடுத்துப் போங்கள். சின்ன அளவில் மலையாளக் கூட்டெழுத்து உள்ள ஒரு வேலை கட்டாயம் இருக்கட்டும், அந்த எழுத்துகளின் உட்குழிகள்தான் முதலில் அடைபடும். எழுத்துகளைக் கோரல்டிரா மென்பொருளில் கர்வ் ஆக்கியே (கோட்டு உருவமாக மாற்றியே) கொடுங்கள். பட்டையாக ஒரு கறுப்புக் கட்டம் அடித்து, வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் எக்ஸ்போஸ் செய்து கழுவச் சொல்லுங்கள். அப்போதும் கட்டம் சுத்தமாகத் திறந்தால் மையின் அடர்த்தி போதும். இன்னொன்று: ஏற்கெனவே இந்த இயந்திரத்தை வாங்கிய பட்டறை ஒன்றின் முகவரியைக் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை காலை ஹெட்டை யாரும் சுத்தம் செய்வதற்கு முன் போய் நாசில் சோதனை (ஹெட்டின் மைத்துளைகள் அடைபட்டுள்ளனவா என்று காட்டும் அச்சு) அடிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்த ஹெட்டில் எத்தனை கோடுகள் விடுபடுகின்றன என்பதைப் பார்த்தால், உங்கள் பராமரிப்புச் செலவு எவ்வளவு ஆகும் என்று தெரிந்துவிடும்.

கொட்டேஷனில் இவை இடம்பெற வேண்டும்: ஹெட்டுக்கு உத்தரவாதம் உண்டா, எத்தனை மாதம்; புதிய ஹெட்டின் இன்றைய விலை; வேறு மை போட்டால் உத்தரவாதம் போகுமா; ரிப் மென்பொருளின் உரிமம் உங்கள் பெயரில் வருமா; டெக்னீஷியன் எந்த ஊரில் இருக்கிறார், அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் எல்லை தாண்டி வருவார். கடைசித் தவணையை, உங்கள் பட்டறையில் 50 ஸ்கிரீன் ஓடிய பிறகே தருவதாகப் பேசுங்கள்.

வரி விஷயத்தில், தமிழ்நாட்டிலிருந்து வாங்கும்போது பில்லில் மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐ.ஜி.எஸ்.டி. வரும். நீங்கள் வழக்கமான பதிவில் இருந்தால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது, அது முழுதும் செலவுதான். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டுவதால் சரக்கோடு செல்லும் மின்னணு ஆவணமான இ-வே பில் இல்லாமல் வண்டி எல்லை தாண்டக்கூடாது.

முறையீட்டைப் பொறுத்தவரை எல்லை உங்களுக்குத் தடையல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆகவே பாலக்காட்டிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்தான் விசாரிக்கும். 9 லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டு தானே இயந்திரத்தை இயக்குபவர் நுகர்வோராகவே இருப்பார் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனினும் அந்த வழக்கைத் தொடுத்தவர் வாங்கியது வணிக நோக்கத்துக்கே என்று முடிவாகி அவர் தோற்றார். இயந்திரத்தை இயக்கப்போவது நீங்களே என்பதையும், இதுவே உங்கள் குடும்பத்தின் பிழைப்பு என்பதையும் ஆர்டர் கடிதத்திலேயே எழுதி, விற்பவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பில்லின் அடியில் வழக்குகள் திருப்பூர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை என்ற வரி அச்சாகியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே அதை நீக்கச் சொல்லுங்கள்.