மாடித்தோட்டமும் தீர்ந்துபோன தலைப்புகளும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாக மாடித்தோட்டம் பற்றி ஒரு வலைப்பூவும், அதே பெயரில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களும் நடத்துகிறேன். ஆரம்பத்தில் வாரம் இரண்டு பதிவு தானாக வந்தது. கத்தரி, தக்காளி, வெண்டை, கீரை, மண்கலவை, பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் எழுதியாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. ஏஐயிடம் கேட்டால் 'மாடித்தோட்டத்தின் 10 நன்மைகள்' என்று தருகிறது. நண்பர்கள் டிரெண்டிங் பாட்டுக்கு ரீல்ஸ் போடச் சொல்கிறார்கள். தினமும் எதையாவது போடாவிட்டால் ரீச் போய்விடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். புதிதாக எழுத விஷயம் எங்கே தேடுவது? யாரும் பார்க்காத பழைய பதிவுகளை அழித்துவிடலாமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகன், கோபி

*

அன்புள்ள தம்பி,

உங்கள் பக்கத்தை முழுக்கப் பார்த்தேன். பதிவுகளைப் படித்ததைவிட, அவற்றின் கீழே மக்கள் கேட்டிருப்பதைப் படித்ததுதான் அதிகம்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லி நீங்கள் எழுதிய பதிவில் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கிறது, வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை, எறும்பு வேறு ஊர்கிறது, என்ன செய்ய? நீங்கள் 'நன்றி அம்மா, தொடர்ந்து படியுங்கள்' என்று கைகூப்பி அனுப்பிவிட்டீர்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு மாதத்துக்கு எழுத விஷயம் இருக்கிறது.

வேப்பெண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். அந்தப் பூச்சியின் உடம்பின்மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு, தெளிப்பது அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். எண்ணெய் தண்ணீரில் கலக்கவும் சோப்புக் கரைசல் வேண்டும். அது இல்லாமல் அடித்தால் தெளிப்பானில் எண்ணெய் தனியாக மிதக்கும், செடிக்குப் போவது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் விட்டுவிட்டு மேலாகத் தெளிப்பவர்களே அதிகம். இது ஒரு பதிவு.

எறும்பு ஏன் ஊர்கிறது? மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. எறும்புக்கு அது சாப்பாடு. அதனால் எறும்பு அந்தப் பூச்சியைக் காவல் காக்கிறது, தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டுகிறது, குஞ்சுகளை அடுத்த செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகிறது. எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை மட்டும் துரத்திக்கொண்டே இருந்தால் அது ஓயாது. அந்த இனிப்புக் கழிவின் மேல்தான் பிறகு கறுப்பாகப் பூசணம் படர்கிறது. இலை கறுத்துப் போவது தனி நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து வாங்குபவர்களும் உங்கள் வாசகர்களில் இருக்கிறார்கள்.

இதெல்லாம் வழிமுறை. இதற்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது, அதுவும் உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை. 2008இல் கோவையில் ஒரு புதிய மாவுப்பூச்சியைப் பார்த்தார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஏறிவிட்டது. ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் மல்பெரி என்றால் பட்டுப்புழு. புழு தின்னும் இலையில் பூச்சிமருந்தை அடிக்க முடியாது, புழுவே செத்துவிடும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு இருக்கும் குளவிகள். அவை மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், பொரிந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். அந்த மூன்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் நன்றாக எடுபட்டது. மருந்து அடித்தும் அடங்காத பூச்சி அதற்கு அடங்கிவிட்டது.

அந்த வருடங்களில் மல்பெரி வைத்திருந்தவர்கள் கோபியைச் சுற்றி எத்தனையோ பேர் இருப்பார்கள். உங்கள் கடைக்குத் துணி எடுக்க வருபவர்களிலேயே இருக்கலாம். என்ன அடித்துப் பார்த்தார்கள், எப்போது தோட்டத்தை அழித்தார்கள், குளவி வந்தபோது நம்பினார்களா என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊரிலேயே மைராடா வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, நேரே போய் விசாரிக்கலாம். நீங்கள் அப்படிக் கேட்டு எழுதுவதை எந்த ஏஐயும் பட்டியலில் போட்டுத் தர முடியாது, ஏனென்றால் அது இன்னும் எங்கேயும் எழுதப்படவில்லை.

நீங்கள் 'கத்தரி வளர்ப்பது எப்படி' என்று ஒரு பதிவு போட்டதும் கத்தரியை முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். தீர்ந்தது தலைப்பு மட்டும்தான், கத்தரி அப்படியே இருக்கிறது. வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதே சமயத்தில் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் வாங்கியது. அந்தக் கத்தரியை உங்கள் மாடியில் பையில் வைத்தால் அதே ருசி வருமா, மண்ணா விதையா எது காரணம் என்று ஒரு பருவம் முழுக்க வளர்த்துப் பார்த்து எழுதலாம். வராமல் போனால் அது இன்னும் நல்ல பதிவு.

எழுத்தாளர்களுக்கு எங்கிருந்தோ விஷயம் கொட்டுகிறது என்ற எண்ணம் உங்களிடம் தெரிகிறது. எஸ். முத்தையா 'தி இந்து' ஆங்கில நாளிதழில் 1999இல் தொடங்கி 2019இல் மறையும்வரை கிட்டத்தட்ட இருபது வருடம் மெட்ராஸைப் பற்றி வாராவாரம் எழுதினார். ஒரே ஊர்தான். அந்தப் பத்தியில் ஒரு பகுதியைத் தனக்கு வரும் கடிதங்களுக்கென்றே வைத்திருந்தார். அவர் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுவார், யாராவது அதில் ஒரு தகவலைத் திருத்தி எழுதுவார்கள் அல்லது கூடுதலாக ஒரு நினைவைச் சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த வாரங்கள் நீளும். ஊரே அவருக்கு விஷயம் அனுப்பிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். அதற்கு அவர் கொடுத்தது, வந்த கடிதத்தைப் படித்துப் பெயர் சொல்லிப் பதில் எழுதும் பொறுமை. உங்களுக்கும் கடிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது, கைகூப்பி அனுப்பிவிடுகிறீர்கள்.

கேட்காமல் போகிறவர்களும் உண்டு. அவர்கள் கூகுளில் எதையோ தேடி உங்கள் பக்கத்துக்கு வந்து, கிடைக்காமல் திரும்பியிருப்பார்கள். வலைப்பூவைக் கூகுள் சர்ச் கன்சோலில் இணைத்துவிட்டால், என்ன சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது என்று காட்டும். காசு கிடையாது. அதில் அதிகம் கிளிக் ஆன சொற்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பட்டியலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பலமுறை கண்ணில் பட்டும் யாரும் உள்ளே வராத சொற்கள் இருக்கும். உதாரணத்துக்கு 'தக்காளிப் பூ உதிர்தல் சித்திரை' என்று யாரோ தேடுகிறார்கள், கூகுள் உங்கள் பொதுவான தக்காளிப் பதிவைக் காட்டுகிறது, அவர்கள் வேறு எங்கோ போய்விடுகிறார்கள். இரவிலும் சூடு குறையாத காலத்தில் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? அதைத் தனியாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

மாதத்துக்கு முப்பது கட்டம் போட்ட கன்டென்ட் காலண்டர் ஒன்றை நீங்கள் படமெடுத்துப் போட்டிருந்ததையும் பார்த்தேன். உலகப் புன்னகை நாள், உலகச் சாக்லேட் நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. தோட்டக்காரருக்கு எதற்கு அந்த நாள்கள்? ஆடிப்பட்டம் தேடி விதைப்பதில் தொடங்கி, ஐப்பசி மழையில் பைகளின் துளை அடைத்து வேர் அழுகுவது, தைப்பட்டம், சித்திரை வெயிலுக்கு நிழல்வலை கட்டுவது என்று நம்மிடமே ஒரு காலண்டர் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வருடமும் மழை ஒரு மாதிரி பெய்யாது, அதனால் பதிவும் ஒரு மாதிரி வராது.

அப்புறம், மாடியை விட்டுக் கொஞ்சம் இறங்குங்கள். சத்தியமங்கலம் பூ மார்க்கெட் உங்களுக்கு எவ்வளவு பக்கம்! மார்கழி, தை மாதங்களில் மல்லிகை விலை எகிறுவது செய்தியாக வரும். குளிரில் மல்லிகை பூப்பது குறைந்துவிடும், அதே நேரத்தில் பொங்கலும் வரும். உங்கள் வாசகிகள் மாடியில் வைத்திருக்கும் மல்லிச்செடியும் அப்போதுதான் பூக்காமல் நிற்கிறது, 'என் செடிக்கு என்ன ஆச்சு' என்று உங்களைக் கேட்கிறார்கள். ஏலம் நடக்கும் இடத்தில் காலையில் போய் நின்று, விவசாயிகள் எப்போது கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள் என்று கேட்டு வந்து எழுதினால், விலையும் செடியும் ஒரே பதிவில் வந்துவிடும். இதேபோல நீங்கள் பைகளில் போடும் தேங்காய் நார்க்கழிவு. ஒரு காலத்தில் கயிற்று ஆலைகளுக்கு அருகே மலைமலையாகக் குவிந்து கிடந்த பொருள், இன்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டிகளாகக் கப்பலேறுகிறது. அதில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் இலை ஓரம் கருகும். உங்கள் மண்கலவைப் பதிவில் அலசுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, முதலில் அதைச் சேருங்கள்.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். கேளுங்கள், தப்பில்லை. அது தரும் பத்துத் தலைப்பையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே கேள்வியைக் கேட்ட மற்ற ஆயிரம் பேருக்கும் கிட்டத்தட்ட அதேதான் கிடைத்திருக்கும். ஆக, இந்த வாரம் எதை எழுதத் தேவையில்லை என்பதற்கு நல்ல பட்டியல் கைக்கு வந்துவிட்டது. டிரெண்டிங் பாட்டு ரீல்ஸ் உங்களுக்குப் பிடித்திருந்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். கத்தரிச் செடி முன்னால் நின்று நீங்கள் வேண்டாவெறுப்பாக ஆடுவதைப் பார்த்தேன், செடிக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

தினமும் போட வேண்டுமா? தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் 'இன்று ஒரு தகவல்' என்று வருடக்கணக்கில் தினமும் காலையில் சொன்னார். அவரும் வேளாண்மை படித்தவர்தான், பண்ணை நிகழ்ச்சிகளின் வழியாக வானொலிக்குள் வந்தவர். அவரால் தினமும் முடிந்ததற்கு ஒரு காரணம், நிகழ்ச்சியின் உருவம் மாறவே இல்லை. சில நிமிடம், ஒரு தகவல், நிதானமான அந்தக் குரல், கடைசியில் சிரிக்க ஒரு குட்டிக் கதை. இன்று எப்படிச் சொல்வது என்று அவர் தினமும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை, என்ன சொல்வது என்பது மட்டும்தான் மாறியது. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்களும் அப்படித்தான்: அதே வயல்வெளி, அதே ஆட்கள், அதே பெரிய பாத்திரம், சமையல் மட்டும் வேறு. நீங்களோ ஒரு வாரம் கட்டுரை, ஒரு வாரம் வினாடி வினா, ஒரு வாரம் மீம் என்று ஒவ்வொரு முறையும் கடையையே இடித்துக் கட்டுகிறீர்கள். களைத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஆனாலும் தென்கச்சியாரைப் பார்த்து நீங்கள் தினமும் போடத் தொடங்க வேண்டாம். அவருக்கு அது வேலை. உங்களுக்குப் பகலெல்லாம் கணக்கு நோட்டு இருக்கிறது. வாரம் ஒன்று போதும். 'இந்த வாரக் கேள்வி' என்று ஒரு வாசகர் கேட்டதை எடுத்து, செடியின் படத்தோடு, நீங்கள் செய்து பார்த்த பதிலோடு போடுங்கள். அந்த ஒன்றையே இன்ஸ்டாகிராமுக்குச் சிறு வீடியோவாகவும் ஃபேஸ்புக்குக்கு நான்கு வரியாகவும் வெட்டிக்கொள்ளலாம். ரீச் கொஞ்சம் குறையலாம். குறைந்தால் குறையட்டும், மாவுப்பூச்சிக்கு வழி கேட்ட அம்மா உங்களைத் தேடி வந்தது ரீச்சைப் பார்த்தல்ல.

பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். ஒவ்வொரு ஆடியிலும் முதல்முறையாகப் பை வாங்கி மண் நிரப்பும் ஆட்கள் புதிதாக வருவார்கள், அவர்களுக்கு உங்கள் மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு புதிதுதான். திறந்து, இடையில் நீங்கள் கற்றுக்கொண்டதைச் சேர்த்து, தேதியைப் போட்டு மறுபடி வெளியிடுங்கள். 'இதை ஏற்கெனவே எழுதிவிட்டாரே' என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் நிரந்தர வாசகர், அவரிடமே அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம். அந்த 'தோட்டம் தரும் தன்னம்பிக்கை' என்ற ஒன்றை மட்டும் வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். அதில் ஒரு செடிகூட இல்லை.

அன்புடன்,
அக்கா