ஆர்த்தடாக்ஸ் மணமகன், கத்தோலிக்க மணமகள்: திருச்சபைகள் ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: நான் கத்தோலிக்கர், என்னை மணக்கவிருப்பவர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர். இரு திருச்சபைகளும் விரைவில் இணையும் என்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாமா? இப்போதே மணப்பதானால் எந்த ஆலயத்தில் மணப்பது, அங்கே நான் நற்கருணை வாங்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். ஒன்றிப்பு வரவேண்டும் என்று நானும் மனமார மன்றாடுகிறேன். ஆனால் அதை நம்பித் திருமணத்தைத் தள்ளிப்போடும் நிலை இன்று இல்லை.

1054இல் ரோமும், ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுள் முதலிடம் பெற்ற கான்ஸ்டான்டிநோபிளும் ஒன்றன்மீது மற்றொன்று விதித்த சபைநீக்கத் தீர்ப்புகளை 1965 டிசம்பர் 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தெனகோரஸும் நினைவிலிருந்தே அகற்றினார்கள். அதனால் பகை தணிந்ததே தவிர, நற்கருணைப் பந்தி ஒன்றாகவில்லை. முதல் ஆயிரமாண்டில் ரோமுக்கு முதலிடம் இருந்ததென்பதை இரு தரப்பின் கூட்டு இறையியல் ஆணையம் 2007இல் வெளியிட்ட ரவென்னா ஆவணம் ஏற்றது. அந்த முதலிடத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில்தான் பேச்சு இன்னும் நிற்கிறது. அதைவிடப் பெரிய தடை ஆர்த்தடாக்ஸ் உலகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கணிப்பு. உக்ரைன் திருச்சபைக்குத் தன்னாட்சி அளிக்கக் கான்ஸ்டான்டிநோபிள் முன்வந்ததால் 2018இல் மாஸ்கோ திருச்சபை அதனுடனான நற்கருணை உறவை முறித்துக்கொண்டது. அனைவர் சார்பிலும் முடிவெடுக்கும் ஒரே தலைமை ஆர்த்தடாக்ஸ் மரபில் கிடையாது என்பதால், 2025 நவம்பரில் திருத்தந்தை 14ஆம் லியோவும் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் நிசேயாவில் சேர்ந்து செபித்தது மகிழ்ச்சியளித்தாலும், அதை இணைப்பின் அறிவிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உங்கள் திருமணம். உங்களை மணக்கவிருப்பவரின் ஆலயத்தில் மணப்பதே பெரும்பாலும் நல்லது. ஆர்த்தடாக்ஸ் குரு ஆசீர்வதிக்கும் திருமணம் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1127ஆம் பிரிவின்படி செல்லுபடியாகும்; ஆயினும் அது முறைப்படி அமைய, கலப்பு மணத்துக்கான அனுமதியையும் கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்து விலக்கையும் உங்கள் ஆயரிடம் முன்கூட்டியே பெற வேண்டும். மாறாக, கத்தோலிக்க ஆலயத்தில் மட்டும் மணந்தால் பல ஆர்த்தடாக்ஸ் மறைமாவட்டங்களில் அவர் தம் சபையிலேயே நற்கருணை பெறும் உரிமையை இழக்க நேரிடும். இரண்டு ஆலயங்களிலும் தனித்தனியே மணச் சடங்கு நடத்தவும் கூடாது. மணமக்களுக்கு முடி சூட்டும் ஆர்த்தடாக்ஸ் திருமணச் சடங்கில் உடன் நிற்கும் சாட்சி பொதுவாக ஆர்த்தடாக்ஸ் உறுப்பினராக இருக்க வேண்டும்; உங்கள் தோழியை அந்த இடத்துக்கு நினைத்திருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தச் சடங்கில் மணமக்கள் இருவரும் மும்முறை பருகும் திராட்சை இரசக் கிண்ணம் நற்கருணை அல்ல. அதில் நீங்கள் தயக்கமின்றிப் பங்கு பெறலாம். நற்கருணை வேறு. கத்தோலிக்கக் குருவை அணுக இயலாத சூழலில், உண்மையான தேவையிருந்தால், ஆர்த்தடாக்ஸ் குருவிடம் நீங்கள் கேட்கலாம் என்று அதே சட்டத்தின் 844ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் ஆர்த்தடாக்ஸ் குரு பெரும்பாலும் மறுப்பார், அதை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். உங்களை மணக்கவிருப்பவர் தாமாகக் கேட்டால் கத்தோலிக்கக் குரு அவருக்கு நற்கருணை கொடுக்கலாம். ஆனால் அவருடைய திருச்சபை அதை ஏற்பதில்லை, ஆகவே அவரை வற்புறுத்த வேண்டாம். (சிரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினருக்கு வேறு நிலை: 1984இல் ரோமுடன் கையெழுத்தான உடன்பாட்டின்படி, தம் குருவை அணுக இயலாதவர் மற்றத் திருச்சபையின் குருவிடம் நற்கருணை கேட்கலாம்.)

குழந்தைகளைப் பற்றி இப்போதே பேசுங்கள். அவர்களைக் கத்தோலிக்கர்களாக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்று நீங்கள் வாக்களிக்க வேண்டும், அந்த வாக்கு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய திருச்சபையோ அவர்கள் ஆர்த்தடாக்ஸ் திருமுழுக்குப் பெறவேண்டுமென எதிர்பார்க்கும். இந்த முரணைத் தீர்த்துவைக்கும் சட்டம் எதுவும் இல்லாததால், இருவரும் சேர்ந்து இரு குருக்களையும் சந்தியுங்கள். அவருக்கு முன்பே மணமாகி முறிந்திருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மறுமணத்துக்கு இசைந்திருந்தாலும், அந்த முதல் மணம் செல்லாதென்று கத்தோலிக்கத் திருச்சபையில் தீர்ப்பாகாமல் உங்கள் ஆயரிடம் அனுமதி கிடைக்காது.