ஊரே பார்த்த தொடர் 'கல்ட்' ஆகுமா?

ஆகலாம். ரசிகர்கள் பித்துப் பிடித்துக் கொண்டாடி, தங்கள் அன்றாடப் பேச்சிலும் கலந்துவிட்ட படைப்பைத்தான் 'கல்ட்' என்கிறார்கள். 'மெட்டி ஒலி'யைத் தோட்டத்து லயம் (வரிசை வீடுகள்) லயமாக எல்லோரும் பார்த்தார்கள், ஆகவே அது கல்ட் இல்லை என்று ஹட்டன் நண்பர் ஒருவர் சொல்வது செல்லாது. கூட்டத்தின் அளவு அளவுகோலே அல்ல.

இந்தக் குழப்பம் அநேகமாக ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரிலிருந்து வந்தது. 1966–69, 79 பகுதிகள், ரேட்டிங் போதாமல் நின்றது. மறுஒளிபரப்பில்தான் வெறி பிடித்த ரசிகர்கள் சேர்ந்து, 1972இல் நியூயோர்க்கில் மாநாடே நடத்தினார்கள். அதிலிருந்து 'தோற்றால்தான் கல்ட்' என்றாகிவிட்டது. எக்ஸ் ஃபைல்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கத் தொடர் அப்படியில்லை: 1993இல் வெள்ளி இரவில் சிறு கூட்டத்தோடு தொடங்கி, பிறகு பெருவெற்றி கண்டது. ஆரம்ப ரசிகர்களின் பித்து அதற்காகத் தணியவில்லை.

சோதித்துப் பாருங்கள்:

1. ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்துங்கள். எதிரில் இருப்பவர் முடித்து வைக்கிறாரா?

2. கங்காணிக்கோ பக்கத்து காம்பராக்காரருக்கோ (லயத்தில் அடுத்த வீட்டுக்காரர்) அந்தத் தொடரின் பாத்திரப் பெயர் பட்டப்பெயராக ஒட்டியிருக்கிறதா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் காது கொடுத்தால் தெரிந்துவிடும். (இதுதான் பலமான சான்று.)

'பார்த்தோம், அழுதோம்' என்பதோடு முடிந்தால் அது வெறும் பிரபலம்.

ஒன்று கவனம்: தலைப்புப் பாடலை முணுமுணுப்பது கணக்கில் சேராது, அது பழைய நினைவு. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொடரிலும் இந்தச் சோதனை பொய்த்துவிடும்.