மூட்டுவலி மாத்திரையும் பழைய காமாலைக் கிருமியும்

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 56 வயது. ஓலைக் கொட்டான் முடைந்த கை. இப்போது காலையில் விரலை மடக்கவே அரை மணி நேரம் ஆகிறது. முடக்குவாதம் என்று மதுரை டாக்டர் ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் எழுதியிருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் கண் ஆபரேஷனுக்கு ரத்தம் பார்த்தபோது ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமி இருப்பது தெரிந்தது. தொந்தரவு இல்லாததால் விட்டுவிட்டோம். மதுரையில் அதைச் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்துவிடும், சொல்ல வேண்டாம் என்கிறார்கள் ஆத்தா. மாத்திரையைத் தொடங்கலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவது வேறொரு ஆபத்து. இன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

நாலு வருடம் தொந்தரவு இல்லை என்றால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் அது தங்கியிருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்திதான் அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கிறது. ஆத்தாவின் விரல் மூட்டைத் தாக்குவதும் அதே எதிர்ப்பு சக்திதான்; அதனால்தான் டாக்டர் இந்த மாத்திரைகளால் அதை அடக்குகிறார். அடக்கியதும் கிருமி பெருகக்கூடும். வேடிக்கை என்னவென்றால், அப்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மாத்திரையைக் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ எதிர்ப்பு சக்தி திரும்பி வந்து, கிருமி புகுந்த செல்களை எல்லாம் ஒரேயடியாகத் தாக்கும். வலி விட்டது, மாத்திரையும் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும் வாரங்களில் கண் மஞ்சளாகும். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துபோகும்.

இதில் மிக மோசமானது, முடக்குவாதத்துக்குச் சிலருக்குப் போடும் ரிடக்சிமாப் ஊசி. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மருந்துக் குறிப்பில் இதற்காகக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையே போட வைத்தது. ஸ்டீராய்டு தினம் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ 4 வாரத்துக்குக் குறையாமல் போனால் அதுவும் லேசுப்பட்டதல்ல. (மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் ‘வலி மாத்திரை’யிலும் ஸ்டீராய்டு இருக்கலாம், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.) மெத்தோட்ரெக்சேட் கிருமியைக் கிளப்புவது குறைவு, ஆனால் கல்லீரலை அதுவே நேரடியாகப் பாதிக்கக்கூடியது.

பயப்பட வேண்டாம், இதற்கு வழி இருக்கிறது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யும், ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று காட்டும் வைரஸ் டி.என்.ஏ. அளவும் பார்த்துவிட்டு, கிருமியை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து முடிந்த பிறகும் குறைந்தது 6 மாதம், ரிடக்சிமாப் என்றால் ஒரு வருடத்துக்குக் குறையாமல், அது தொடர வேண்டும். ‘எல்லாம் சரியாகிவிட்டதே’ என்று பலர் இதை இடையில் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். 2018-இல் தொடங்கிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

கீழாநெல்லி போதாதா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். 1988-இல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை.

ஆத்தாவிடம் சொல்லுங்கள்: டாக்டரிடம் சொல்வது ஊரிடம் சொல்வது ஆகாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது ஒட்டாது. அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அப்படியே நீங்களும் உடன்பிறந்தவர்களும் ரத்தம் பார்த்து, பாதிப்பும் எதிர்ப்பும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.