மூளை வளர்ச்சிப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். ஆறேழு வார்த்தைதான் சொல்கிறான். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம், தெருவில் தமிழ். பக்கத்தில் உள்ள ப்ளே ஸ்கூலில், பல்கலைக்கழகத்தோடு இணைந்து உருவாக்கிய மூளை வளர்ச்சிப் பயிற்சி என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றும் சொல்கிறார்கள். கட்டலாமா? (காமராஜர் சாலைப் பகுதி வாசகி, மதுரை)

பதில்: கட்டாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் மீதிப் பணமாவது தப்பும்.

முதலில் மொழி விஷயத்தை முடித்துவிடுகிறேன், உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அதுதான். இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாவதில்லை. மதுரையில் தலைமுறை தலைமுறையாக வீட்டில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று என்று பேசி வளர்ந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்களுக்கெல்லாம் பேச்சு வராமலா போய்விட்டது? நீங்கள் எண்ணிய ஆறேழு, தமிழ் வார்த்தை மட்டுமா, இரண்டையும் சேர்த்தா? சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் அவன் வாயில் வருவதையெல்லாம் பாட்டி உட்பட வீட்டில் எல்லோரும் அதில் எழுதுங்கள். பூனையைப் பார்க்கும்போதெல்லாம் ‘பூ’ என்று மட்டும் சொல்கிறான் என்றாலும் அது ஒரு வார்த்தைதான். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 வார்த்தையும், ‘அம்மா வா’ மாதிரி இரண்டு வார்த்தை கோர்ப்பதும் எதிர்பார்க்கிறோம். தாளில் அத்தனை தேறவில்லை என்றால் மேலே யோசிக்கவே வேண்டாம், பரிசோதனைக்குக் கிளம்புங்கள்.

ஆங்கிலம் மட்டும் பேசினால் என்ன ஆகும் தெரியுமா? ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘நோ’ என்ற நாலு கட்டளையோடு வீடு அமைதியாகிவிடும். கொஞ்சல், கேலி, கதை, பாட்டியின் புலம்பல் எல்லாம் உங்கள் மொழியில்தான் தாராளமாக வரும், குழந்தைக்கு வேண்டியதும் அந்தத் தாராளம்தான். சௌராஷ்டிரத்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

இப்போது காதுக்கு வருகிறேன். பேச்சு தாமதம் என்று ஒரு குழந்தை வந்தால் எங்கள் துறையில் முதல் வேலையே கேட்புப் பரிசோதனைதான். நான் இதைச் சொன்னதும் பெற்றோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “நல்லா கேக்குதே டாக்டர், கதவைத் தட்டுனா திரும்புறானே!” கதவுச் சத்தம் தடித்த சத்தம், பாதிக் காது கேட்கிற குழந்தைகூடத் திரும்பும். ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் விழுகிறதா என்பதுதான் கேள்வி, அவை விழாமல் பேச்சு தெளியாது. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காதில் சோதித்து ‘பாஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்களே என்பீர்கள். அந்த ‘பாஸ்’ அன்றைக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம், மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம், பிறக்கும்போதே இருந்த ஒரு குறை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போயிருக்கலாம், காது நன்றாக இருந்தும் அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கோளாறு இருந்து முதல் சோதனை அதைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம். பிறந்ததும் மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றிய குழந்தை, இன்குபேட்டரில் நாள்கணக்கில் இருந்த குழந்தை, சொந்தத்தில் மணந்த பெற்றோருக்குப் பிறந்த குழந்தை என்றால் ‘பாஸ்’ சீட்டை நம்பி உட்கார்ந்திருக்கவே கூடாது. கேட்புப் பரிசோதனையில் ஓ.ஏ.இ. என்பது காதில் சின்ன அடைப்பான் மாதிரி வைத்துச் சில நிமிடத்தில் முடிகிற சோதனை. பெரா என்பது தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டிப் பார்ப்பது. இரண்டிலும் ஊசி கிடையாது, வலி கிடையாது. கேட்புக் குறை உறுதியாகிவிட்டால் காலம்தான் காசு. உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு உண்டு. ஆனால் ஆறு வரை காத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைந்தால் மூளையும் சோர்ந்துவிடும். சோறு ஊட்ட போனைக் கையில் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, அந்தப் ‘பல்கலைக்கழகத்தோடு இணைந்து’. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, வெளி நிறுவனங்களோடு எத்தனை ஒப்பந்தம் என்று எண்ணி மதிப்பெண் போட்டுவந்தது. எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றானபின் யார் வந்து கேட்டாலும் ஒரு கையெழுத்து, ஒரு பொன்னாடை, ஒரு குரூப் போட்டோ. அந்தப் போட்டோ மறுநாளே ப்ளே ஸ்கூல் சுவரில் பிளக்ஸாகத் தொங்கும். பேராசிரியர் பயிற்சியில் குழந்தைக்குக் காட்டும் ஃபிளாஷ் கார்டைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த வயதுக் குழந்தைகளிடம் சோதித்தீர்கள், முடிவு எந்த ஆய்விதழில் வந்தது? டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கூட்டு முயற்சி என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜமைக்காவைப் பாருங்கள். 1986-87இல் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழு, கிங்ஸ்டனில் உயர வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தது. அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு நம்மூர் அங்கன்வாடி அக்கா மாதிரி ஒரு சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், வீணாய்ப்போன பொருளில் செய்த பொம்மையை வைத்து, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். இரண்டு வருஷம், அவ்வளவுதான். சுமார் இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்ற முடிவு 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஃபிளாஷ் கார்டும் இல்லை, சிடியும் இல்லை. நீங்களும் அதையே செய்யலாம். சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் உட்காரும்போது அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பேசுங்கள், பேசிவிட்டு வாயை மூடிக் காத்திருங்கள், அவன் ‘ம்’ என்றால் அதற்கொரு பதில் சொல்லுங்கள்.

அதே ப்ளே ஸ்கூலில் நடுமூளையைத் தூண்டுவதாகச் சொல்லிக் கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் ‘மிட்பிரைன்’ பயிற்சி, கைரேகையில் அறிவைச் சொல்லும் சோதனை என்றும் நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள். கண்ணைக் கட்டிய பிள்ளைகள் படிப்பது மூக்கோரத்து இடுக்கு வழியாக. கைரேகை கருவிலேயே பதிந்துவிடுவது, அதற்கும் மூளைக்கும் முடிச்சுப் போட ஆதாரமே இல்லை. மொசார்ட் இசை கேட்டால் அறிவு கூடும் என்பார்கள், 1993இல் அந்த ஆய்வை நடத்தியது கல்லூரி மாணவர்களிடம், பலன் நீடித்ததோ பத்துப் பதினைந்து நிமிடம். தொட்டில் குழந்தைக்கு அதை விற்றது வியாபாரிகள்.

நீங்கள் போக வேண்டிய இடம் அரசு ராஜாஜி மருத்துவமனையில், வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே பிடித்துப் பயிற்சி தரும் ஆரம்பகால இடையீட்டு மையம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் இப்படி ஒன்று, பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். வரிசை நீளம்தான், பேச்சுப் பயிற்சியாளர்களோ குறைவு, மூன்று வாரம் கழித்து வா என்பார்கள். இந்த லட்சணத்தில் ‘முதல் ஆயிரம் நாள் முக்கியம்’ என்று சுவரெல்லாம் எழுதிவைத்திருக்கிறோம். அலுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் வந்து “அக்கா, உள்ள லேட் ஆகும், எனக்குத் தெரிஞ்ச சென்டர் இருக்கு” என்பார், அவருக்கு அங்கே கமிஷன். தனியாரிடம்தான் போவேன் என்றால் பயிற்சியாளரின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

போகும்போது பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஃப்ரிட்ஜில் ஒட்டிய அந்தத் தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரா தூங்கும்போது எடுப்பது என்பதால் அன்று காலையில் பையனைச் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள்.