1911 ‘பன்றி ரூபாய்’ லட்சத்துக்குப் போகுமா?

கேள்வி: தாத்தாவின் மரப்பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் இரண்டு கிடைத்தன, ஒன்று 1911, மற்றது 1912. 1911-ஐ ‘பன்றி ரூபாய்’ என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்த ஒருவர் இரண்டு லட்சம் தருவதாகவும், ரிசர்வ் வங்கிப் பதிவுக்கு முதலில் 4,500 ரூபாய் போடும்படியும் சொல்கிறார். போடலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சல்லிக்காசு போடாதீர்கள். பழைய காசை விற்க ரிசர்வ் வங்கியில் பதிவும் இல்லை, கமிஷனும் இல்லை. தன் பெயரைச் சொல்லிப் பணம் கறக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பன்றிக் கதை உண்மைதான். மன்னர் மார்பில் கிடக்கும் ஆரத்தில் ஒரு குட்டி யானை உண்டு. 1911 அச்சில் அதன் தும்பிக்கையும் காலும் குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்பவே வெளியீட்டை நிறுத்தினார்கள். அடித்தது சுமார் 94 லட்சம். வெளியே போனது 7 லட்சம் அளவே, மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். 1912-இல் தும்பிக்கை நீண்டது, காது தெளிந்தது.

ஆக, அரிய காசுதான். ஆனால் 7 லட்சம் வெளிவந்த காசு, தேய்ந்த நிலையில் லட்சங்களுக்கு விலை போகாது. வெள்ளி விலைக்கு மேல் நல்ல தொகை கிடைக்கும், அவ்வளவே. 1912 சாதாரணம், ஏறக்குறைய வெள்ளி விலைதான்.

அசலா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பத்து மடங்கு லென்ஸில் முதலில் யானையைப் பாருங்கள். வருடம் 1911, யானை நீண்ட தும்பிக்கையோடு என்றால் கடைசி எண்ணைச் சுரண்டித் திருத்தியிருக்கிறார்கள். அடுத்தது எடை: புதிதில் 11.66 கிராம், தேய்ந்தால் சற்றுக் குறையும். எடை மட்டும் போதாது. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக விடுங்கள். 11.66 கிராம் காசுக்கு 1.13 பக்கம் காட்டினால் வெள்ளி; 1.30 என்றால் வெள்ளி முலாம் பூசிய செம்பு. காசில் குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடிக் காட்டும், ஆட்டி விட்டுப் பாருங்கள். தேய்ந்த காசென்றால் அதன் எடையை, முழுகியபோது தராசு காட்டிய எண்ணால் வகுங்கள், 10.3 ஒட்டி வர வேண்டும்.

புளி, சாம்பல், பற்பசை எதுவும் போட்டுத் துலக்காதீர்கள். கறுப்புப் படலம் போனால் சேகரிப்பாளர் தரும் விலை வெகுவாகக் குறைந்துவிடும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தாலும் அப்படித்தான். திருநெல்வேலி டவுன் ரத வீதி நகைக்கடைகளில் உருக்கு விலைதான் சொல்வார்கள். அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு, காசு வாங்குகிற இரண்டு பேரிடமாவது நேரில் காட்டுங்கள். நூறு வருடம் தாண்டிய காசு என்பதால் வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பக் கூடாது, சட்டச் சிக்கல் வரும்.